தளர்நடையும் துலங்கலும்

விழா மலரிலே கல்லூரியின் வளர்ச்சியைப் பேசுவது மரபு. கட்டடங்கள் எழுந்த வரலாறு, அதிபர்கள் ஆற்றிய அரும்பணி, பரீட்சைகளிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் மாணவர் ஈட்டிய வெற்றி ஆகியன இம்மலரின் பிற பக்கங்களிலே தக்கோரால் எடுத்துரைக்கப்படும். யான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் எளியது. ஆயினும் பழைய மாணவர் ஒவ்வொருவரையும் இன்றோ நாளையோ வந்து தொடுவது. முதுமையிலே கையும் காலும் மெதுவாதல் என்பதே அப்பொருள். கல்லூரியின் முதல் வகுப்புகளிலே காற்சட்டையுடன் ஓடித்திரிந்தோர் இன்று பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து விழாவுக்கு வருகின்றனர். யார் யாரைப் பிடித்து வருகின்றனர் என்பது சில வேளைகளில் ஐயமாகவே இருக்கின்றது. ஆதலின் இப்பொருளை இம்மலரிற் பேசுதல் பொருந்தும் எனத் துணிந்தேன்.

"வயது போய்விட்டது" என்னும் தொடர் நம்மிடையே எத்தனையோ குறைகளுக்கு இறுதி விடையாக வழங்கி வருகின்றது. அம்மம்மாவின் கையிலிருந்து கோப்பை நழுவினாலும் வயது. மூத்தவாப்பா படியிலே தடுமாறினாலும் வயது. அழைத்த குரலுக்குத் திரும்ப அப்பப்பா சற்றுத் தாமதித்தாலும் வயது. அத்தொடரைக் கூறிய பின்னர் மேற்கொண்டு ஆராய்வார் ஒருவருமில்லை. யான் ஈண்டு நிலைநாட்ட விரும்புவன இரண்டு. முதியோரின் மெதுமை உடல்நலத்தின் நிலையைக் காட்டுவதோர் அடையாளம். குருதியமுக்கத்தை அளப்பதுபோல அதனையும் அளந்து கவனித்தல் வேண்டும் என்பது ஒன்று. அம்மெதுமையில் ஒரு பகுதி மீட்கத்தக்கது. அன்பின் பெயரால் முதியோரை ஓரிடத்தில் இருத்திவிடும் நமது வழக்கமே அதனை வளர்க்கின்றது என்பது மற்றொன்று.

ஆசிரிய கலாசாலையில் உளவியல் பயின்றோர் தூண்டல், துலங்கல் என்னும் இரு சொற்களையும் மறந்திரார். கண்ணுக்கோ காதுக்கோ தோலுக்கோ எட்டுவது தூண்டல். அதற்கு உடல் அளிக்கும் விடை துலங்கல். பந்து வருவதைக் கண்டவுடன் மட்டையை உயர்த்துகின்றோம். சுடுசட்டியிற் பட்ட விரலை இழுத்துக்கொள்கின்றோம். பின்னால் மோட்டார் வண்டியின் ஒலி கேட்டதும் தெருவோரம் ஒதுங்குகின்றோம். தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடையே கழியும் நேரமே துலங்கல் நேரம். விளக்கொன்று எரியக் கண்டவுடன் பொத்தானை அழுத்துக என்றால், இளையோருக்கு ஏறத்தாழக் கால் செக்கன் போதும். இடப்பக்க விளக்கு எரிந்தால் இடக்கை, வலப்பக்க விளக்கு எரிந்தால் வலக்கை எனத் தெரிவு செய்ய வேண்டுமாயின் நேரம் கூடும். வாழ்க்கையில் நாம் எதிர்ப்படுவன பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையினவே. தெருவிலே முன்னே தாவுவதா, பின்னே வாங்குவதா என முடிவு செய்ய வேண்டியிருக்கின்றதன்றோ?

இந்நேரம் ஆளுக்காள் வேறுபடும் என்பதை உலகம் அறிந்த கதையும் சுவையானது. 1796 இல் இங்கிலாந்தின் கிறீனிச் வானாய்வு நிலையத்திலே தலைமை வானியலாளராக இருந்த மஸ்கெலின் என்பார், தம் உதவியாளரான கின்னபுறூக் விண்மீன்கள் கடக்கும் நேரத்தைத் தம்மினும் ஏறக்குறைய 0.8 செக்கன் பிந்திக் குறிக்கின்றார் எனக் கண்டு, அவரைப் பணியினின்றும் நீக்கினார். அவ்வேறுபாடு கவனக்குறைவன்று, மனிதருக்கு மனிதர் இயல்பாகவே உள்ளது என்பதைப் பின்னர் ஜெர்மானிய வானியலாளர் பெசல் எடுத்துக்காட்டினார். 1850 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர் தவளையின் நரம்பிலே செய்தி செல்லும் வேகத்தை அளந்து, அது செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் அளவினதே என்று காட்டியபோது கற்றோர் வியந்தனர். நினைத்த கணமே கை அசைகின்றது என்றே அதுவரை நம்பியிருந்தனர். 1884 இல் இலண்டனில் நடைபெற்ற சுகாதாரக் கண்காட்சியிலே பிரான்சிஸ் கால்ட்டன் ஓர் அளவைச் சாலையை அமைத்தார். மூன்று பென்ஸ் கொடுத்து உட்சென்றோர் 9,000 பேருக்கு மேல். அவர்தம் உயரம், மூச்சு, கைப்பிடியின் வலிமை ஆகியன அங்கே அளக்கப்பட்டன.

அளந்ததனால் ஆய பயன் என்ன என்பார்க்கு அண்மைக் காலத்து ஆய்வுகள் விடை கூறுகின்றன. பிரித்தானியாவில் 7,130 பேரிடம் பெற்ற அளவைகளை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட கட்டுரையொன்று, எளிய துலங்கல் நேரம் ஐம்பது வயதளவும் பெரிதும் மாறாதிருந்து பின்னரே நீள்கின்றது எனவும், தெரிவு செய்யும் துலங்கலோ இளமை கடந்த நாள் முதலாகவே மெல்ல மெல்ல நீள்கின்றது எனவும் காட்டிற்று. ஸ்கொத்லாந்தின் மேற்குப் பகுதியிலே 56 வயதினர் 898 பேரை அளந்து 14 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியதில், துலங்கல் மெதுவாயிருந்தோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. இம்முடிபு 2005 இல் வெளியாயிற்று. அமெரிக்காவிலே 20 முதல் 59 வயது வரையினரான 5,134 பேரை ஏறக்குறைய 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2014 இல் வெளிவந்தது. பொதுவான பரவலினின்றும் ஒரு படி மெதுவாயிருந்தோருக்கு இறக்கும் வாய்ப்பு 25 வீதமும், இருதய நாள நோயால் இறக்கும் வாய்ப்பு 36 வீதமும் மிகுதி என்று அது கணக்கிட்டது. புற்றுநோயோடு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

விரலின் விரைவோடு காலின் விரைவையும் கையின் பிடியையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டோர் 34,485 பேரைக் கொண்ட ஒன்பது ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2011 இல் வெளியிட்ட முடிபின்படி, வழக்கமான நடையில் செக்கனுக்கு 0.8 மீற்றர் செல்வோர் தம் வயதினருக்குரிய நடுத்தர ஆயுளைப் பெறுகின்றனர். 1 மீற்றருக்கு மேற்செல்வோர் அதனினும் நெடுங்காலம் வாழ்கின்றனர். இந்தியா உட்பட 17 நாடுகளில் 139,691 பேரின் கைப்பிடியை அளந்த ஆய்வொன்று 2015 இல் வெளியாயிற்று. பிடியின் வலிமை 5 கிலோகிராம் குறையுந்தோறும் இறக்கும் வாய்ப்பு 16 வீதம் கூடுகின்றது என்பது அதன் முடிபு.

விரல் மெதுவானால் இருதயம் ஏன் நோவுற வேண்டும் என்று மாணவர் வினவுவர். வினா நியாயமானதே. மெதுமை நோயை உண்டாக்குகின்றது என்று எவரும் கூறவில்லை. இரண்டுக்கும் பொதுவான காரணம் உள்ளே இருக்கின்றது என்பதே பொருள். நமது ஊர்ப் போடியாரை எண்ணிப் பாருங்கள். குளத்து மதகு திறந்த நேரத்தையும் கடைசி வயலுக்கு நீர் வந்து சேர்ந்த நேரத்தையும் கேட்டறிந்து, வாய்க்காலின் நிலையை அவர் கூறிவிடுவார். நீர் பிந்தினால் எங்கோ மண் சரிந்திருக்கும், அல்லது புல் அடைத்திருக்கும், அல்லது குளத்திலேயே நீர் குறைந்திருக்கும். துலங்கலும் அத்தகையதே. கண் காண வேண்டும். நரம்பு கொண்டு செல்ல வேண்டும். மூளை முடிவு செய்ய வேண்டும். முண்ணாண் வழியே கட்டளை இறங்க வேண்டும். தசை சுருங்க வேண்டும். மூட்டு இசைய வேண்டும். இவை அனைத்துக்கும் குருதி குறைவின்றிப் பாய வேண்டும். வழியில் எங்கு பழுது நேரினும் கடைசி வயலாகிய விரலுக்கு நீர் பிந்தியே வரும்.

அப்பழுதுகளிற் பல வயதினால் மட்டும் வருவன அல்ல. கண்ணிலே புரை படர்ந்திருக்கலாம்; அது சத்திரசிகிச்சையால் நீங்கும். குருதிச்சோகை இருக்கலாம், தைரொயிட்டுச் சுரப்பி சோர்ந்திருக்கலாம், உயிர்ச்சத்து பீ 12 குறைந்திருக்கலாம், இவை மருந்தினால் சீராகும். உறக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் குளிசைகள் சிலவும் துலங்கலை மந்தமாக்கும். மனச்சோர்வும் கையையும் காலையும் கட்டிப்போடும். நடுக்குவாதத்தின் முதல் அறிகுறி நடுக்கமன்றி மெதுமையாகவே இருத்தலும் உண்டு. இவை எல்லாவற்றினும் நம்மிடையே பரந்திருப்பது நீரிழிவு. வடக்கு, கிழக்கு நீங்கலாக ஏழு மாகாணங்களில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வு, வளர்ந்தோரிற் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவுடையோர் எனக் கண்டது. சீனி மிகுந்த குருதி கால் நரம்புகளை நாளடைவில் அரித்துவிடும். அந்நிலையில் பாதம் தரையை உணர்வதே பிந்துகின்றது. உணர்வது பிந்தினால் ஊன்றுவதும் பிந்தும். இத்தனை காரணங்களையும் "வயது" என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவோமாயின், தீர்க்கத்தக்கதைத் தீர்க்காது விட்ட பழி நம்மையே சாரும்.

ஏட்டிலே கண்ட இக்கணக்குகள் பிறநாட்டாருக்கே உரியன எனத் தள்ளிவிட நம்மால் இயலாது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாளை இக்கரையில் மறந்தார் யார்? நாடு முழுவதிலும் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டமே. பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தோம். பொத்துவிலும் உல்லையும் கோமாரியும் திருக்கோவிலும் கல்முனையும் ஒரே காலையிற் கடலுக்கு இரையாயின. மாவட்டத்தின் கரையோரத்து அகதி முகாம்கள் பதின்மூன்றிலே குடும்பம் குடும்பமாக வினவிச் சேர்த்த கணக்கொன்று 2006 இல் வெளியாயிற்று. 20 முதல் 29 வயது வரையினரில் 7.4 வீதத்தினர் இறந்திருந்தனர்; 50 வயதைக் கடந்தோரில் 15.3 வீதத்தினர் இறந்திருந்தனர். இரட்டிப்புக்கும் அதிகம். யாவரினும் மிகுதியாக இறந்தோர் பத்து வயதுக்குட்பட்ட சிறார். ஆண்களில் 8.2 வீதம், பெண்களில் 17.5 வீதம் என்பதும் அக்கணக்கே.

மெதுமை ஒன்றே இவ்விறப்புகளுக்குக் காரணம் என்று கூறுவது அறமன்று. நீந்தத் தெரியாமை, வீட்டினுள்ளே இருந்தமை, பிள்ளைகளைத் தேடி நின்றமை, வீடே இடிந்து வீழ்ந்தமை எனக் காரணங்கள் பல. ஆயினும் ஓடுங்கள் என்ற குரல் காதில் விழுந்த கணத்துக்கும் கால் பெயர்ந்த கணத்துக்கும் இடையிலே சிலருடைய ஊழ் நின்றது என்பதை மறுப்பதற்கில்லை. கால் உரம் பெறாத பிள்ளைகளும் கால் உரம் இழந்த முதியோருமே பிந்தினர்.

கடற்கோள் போன்ற பேரிடர் என்றோ ஒரு நாள் வருவது. நாள்தோறும் வரும் சிற்றிடர்களோ எண்ணில. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவீதி நம் ஊரூடாகவே செல்கின்றது. பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் உல்லைக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டாரை ஏற்றிய வாகனங்களும் விரையும் அவ்வீதியை, சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் செல்லும் முதியோர் கடக்கவேண்டியிருக்கின்றது. அறுவடைக் காலத்து இரவிலே காவலிருக்கும் முதிய கமக்காரர், யானை வரும் அரவத்துக்குப் பரணில் ஏறவேண்டியிருக்கின்றது. கிணற்றடிப் பாசியிலே வழுக்கும் பாதம் அடுத்த அடியை உடனே ஊன்றினால் பிழைக்கும். பிந்தினால் இடுப்பெலும்பு முறியும். இடுப்பெலும்பு முறிந்தபின் படுக்கையிலேயே நாளைக் கழிக்கும் முதியோரை நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.

இவ்விடத்திலே சுவீடன் நாட்டுச் சிற்றாய்வு ஒன்றை மாணவர் அறிதல் நன்று. 1997 இல் வெளியான அதிலே, முதியோர் இல்லத்தவர் 58 பேருடன் நடந்துகொண்டே உரையாடினர். பேச்சுக்கு விடையளிக்க நடையை நிறுத்தியோர் 12 பேர். அடுத்த ஆறு மாதங்களுள் அப்பன்னிருவரிற் பதின்மர் விழுந்தனர். கருவி எதுவும் வேண்டாம். அப்பப்பாவுடன் கடற்கரை வரை பேசிக்கொண்டே நடந்துவரும் பேரன் இதனைத் தானே கண்டறியலாம்.

இனி நமது வழக்கத்தைப் பற்றிப் பேசுவோம். தமிழ் ஆசிரியன் என்ற முறையிலே ஒரு சொல்லை உங்கள் முன் வைக்கின்றேன். தளர்நடை என்னும் சொல் முதியோர் நடைக்கு உரியது. அதே சொல்லை நம் புலவர் குழந்தையின் முதல் நடைக்கும் வழங்கினர். பிள்ளைத்தமிழிலே வருகைப் பருவம் என ஒன்று வகுத்து, நடந்து வருக, நடந்து வருக எனப் பாட்டுடைத் தலைவனாகிய பிள்ளையை அழைப்பர். இரு தளர்நடைக்கும் சொல் ஒன்றே. நாம் நடந்துகொள்ளும் முறை மட்டும் வேறு. பிள்ளை தடுமாறும்போது கைகொட்டி அழைக்கின்றோம். விழுந்தால் தூக்கி மீண்டும் நடக்க விடுகின்றோம். நடைவண்டி செய்து கொடுக்கின்றோம். முதியவர் தடுமாறும்போது சாய்மனைக் கதிரையை விறாந்தையிலே போட்டு, "இருங்கள், எழும்ப வேண்டாம், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கின்றோம்" என்கின்றோம். பிள்ளையின் தளர்ச்சியைத் தொடக்கமாகக் கருதுகின்றோம். முதியோரின் தளர்ச்சியை முடிவென்று தீர்த்துவிடுகின்றோம்.

இஃது அன்பினாலே செய்யப்படுவது என்பதை அறிவேன். முதியோரை வேலை வாங்குதல் இழுக்கு எனவும், அவர்களை இருத்தி வைத்து உண்பித்தலே பிள்ளைகளின் கடன் எனவும் நம் மக்கள் கருதுகின்றனர். அக்கருத்தின் நல்ல பகுதியை யான் பழிக்கவில்லை. எழுபது வயதிலும் வயிற்றுப்பாட்டுக்காகக் கூலி வேலைக்குச் செல்லும் முதியோர் நம் ஊரில் உளர். அவர்களுக்கு வேண்டுவது ஓய்வும் உதவியுமே. யான் கூறுவது அவர்களைப் பற்றியன்று. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்தினால், செய்துகொண்டிருந்த ஒவ்வொரு வேலையும் ஒவ்வொன்றாகக் கையிலிருந்து பறிக்கப்பட்டுக் கதிரையில் இருத்தப்பட்டவரைப் பற்றியே கூறுகின்றேன். முதலிலே சைக்கிள் நிறுத்தப்படுகின்றது. பின்னர் சந்தைக்குப் போவது. பின்னர் கிணற்றில் நீர் அள்ளுவது. பின்னர் தேங்காய் துருவுவது. ஈற்றிலே தண்ணீர்ச் செம்பும் கைக்கே வந்துவிடுகின்றது. இவ்வாறு வழங்கப்பெறும் ஓய்வு தசையை உருக்குகின்றது. செய்யாத செயலை நரம்பு மறக்கின்றது. எழுந்து நடக்க அஞ்சுகின்றவர் மேலும் மெதுவாகின்றார். மெதுவாவதைக் கண்டு வீட்டார் மேலும் ஒரு வேலையைப் பறிக்கின்றனர். இச்சுழலை எங்கேனும் ஓரிடத்திலே அறுத்தல் வேண்டும்.

அறுக்க முடியுமா என்பார்க்கு, முடியும் என்பதே விடை. 1990 இல் அமெரிக்காவிலே முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த தொண்ணூறு வயதினராகிய பத்துப் பேர் எட்டு வாரம் எடை தூக்கும் காற்பயிற்சியில் ஈடுபட்டனர். பயிற்சியை நிறைவு செய்தோரின் தொடைத்தசை வலிமை சராசரியாக 174 வீதம் பெருகிற்று. 70 முதல் 89 வயது வரையினரும் உடலுழைப்புக் குறைந்தோருமாகிய 1,635 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2014 இல் வெளிவந்தது. ஒழுங்காக நடைப்பயிற்சி செய்த பகுதியினரிடையே நடக்கும் ஆற்றலை இழத்தல் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. நியூசிலாந்திலே ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தார் வகுத்த வீட்டுப் பயிற்சிமுறை முதியோர் விழுவதை 35 வீதம் குறைத்தது. குறித்த இடத்திலே குறித்த கணத்திலே காலடி வைக்கப் பழக்கும் பயிற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து 2017 இல் வெளியான கட்டுரையோ, அவை துலங்கல் நேரத்தைக் குறைப்பதோடு விழுதலையும் ஏறக்குறையப் பாதியாக்குகின்றன என்றது. ஆகவே, நடை உடலைக் காக்கும். தாளத்துக்கு அடி வைக்கும் பயிற்சி விரைவை மீட்கும்.

தாளத்துக்கு அடி வைத்தல் நமக்குப் புதியதா? மட்டக்களப்பு நாட்டுத் தமிழரின் வசந்தனிலும் முஸ்லிம் மக்களின் களிகம்பிலும் நடப்பது வேறென்ன? எதிரே நிற்பவரின் கோல் வரும் திசையை நோக்கித் தன் கோலை நீட்ட வேண்டும், அதே கணத்தில் கால் மாற வேண்டும், வட்டம் திரும்ப வேண்டும், பாட்டும் தவறக்கூடாது. கண், காது, கை, கால், நினைவு ஆகிய ஐந்தும் ஒருங்கே துலங்கும் இத்தகைய பயிற்சியை மேனாட்டார் கருவி வைத்துக் கற்பிக்கின்றனர். நாமோ அண்ணாவிமாரின் காலத்தோடு அதனை மேடைப் பொருளாக்கிச் சிறுவரிடம் மட்டும் விட்டுவிட்டோம். நாள்தோறும் ஐவேளை குனிந்து, அமர்ந்து, எழுந்து தொழும் முதியவரின் முழங்கால் அவ்வழக்கத்தால் நன்மையே பெறுகின்றது. கோயில் வீதியை வலம் வந்து நிலத்தில் வீழ்ந்து வணங்கி எழும் முதியவருக்கும் அவ்வாறே. ஆடி மாத விழாவை நோக்கி ஆண்டுதோறும் நம் ஊரைக் கடந்து, உகந்தையிலிருந்து குமணைக் காட்டினூடே கதிர்காமம் செல்லும் பாதயாத்திரையினரிடையே நரைத்த தலைகள் எத்தனை! அவர்களை எவரும் கதிரையில் இருத்தவில்லை. பக்தி அவர்களை நடத்துகின்றது. நடை அவர்களைக் காக்கின்றது.

இக்கருத்துகள் பேச்சோடு நின்றுவிடாதிருக்க, பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரியிலே முதியோர் நாள் ஒன்றை நடத்துவோம். பொன்னாடையும் உரையும் ஒரு மணி நேரத்தில் முடியட்டும். எஞ்சிய நேரத்தில் மூன்று அளவைகள் எடுக்கப்படட்டும். விறாந்தையிலே பத்து மீற்றர் குறித்து, வழக்கமான நடையில் எத்தனை செக்கனிற் கடக்கின்றார் எனப் பார்ப்பது முதலாவது. பத்துச் செக்கனில் கடப்பவரின் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் என மூன்றாம் வகுப்பு மாணவனும் கணக்கிடுவான். கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் செய்வது இரண்டாவது. 15 செக்கனுக்கு மேற்படின் விழும் வாய்ப்பு மிகுதி என்பர். அடிமட்டத்தை நிலைக்குத்தாகத் தொங்கவிட்டு, சொல்லாமல் நழுவவிட்டு, இரு விரலாற் பிடிக்கச் செய்வது மூன்றாவது. 20 சதமமீற்றர் விழுந்தபின் பிடித்தால் ஏறத்தாழ 0.20 செக்கன்; 30 சதமமீற்றர் விழுந்தபின் பிடித்தால் ஏறத்தாழ 0.25 செக்கன். புவியீர்ப்பினால் விழும் பொருளின் சமன்பாட்டைப் பாடத்திலே மனனம் செய்யும் விஞ்ஞான மாணவர், அதன் பயனை அம்மம்மாவின் விரல்களிடையே காண்பர்.

அளவைகளை ஓர் அட்டையிற் குறித்து அவரிடமே கொடுத்துவிட வேண்டும். ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடுதல் ஆகாது. பரிசும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். சென்ற ஆண்டின் தம்மோடு இவ்வாண்டின் தம்மை ஒப்பிடுவதே முறை. எண் பெரிதும் மாறியிருந்தால் அவ்வட்டையுடன் பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்கோ தமக்கு வாய்ப்பான மருத்துவரிடமோ செல்லட்டும். அடிமட்டம் நோயைக் கண்டறிந்துவிடாது; ஆராயவேண்டிய நேரம் வந்தது என்று மட்டுமே கூறும். இதற்கு ஆகும் செலவு ஓர் அடிமட்டமும் ஒரு கதிரையும் ஒரு கடிகாரமும் ஆகும். மூன்றும் கல்லூரியில் உள.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. மெல்ல மெல்ல வரும் மெதுமை வேறு. திடீரென வருவது வேறு. சற்று முன்னர் நன்றாயிருந்தவரின் ஒரு பக்கத்துக் கையோ காலோ சோர்ந்தாலும், வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும் அது பாரிசவாதத்தின் அறிகுறி. எண்ணெய் தேய்ப்பதிலும் பார்வை பார்ப்பதிலும் நேரத்தைப் போக்காது, 1990 என்னும் இலக்கத்துக்கு உடனே அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைத்தல் வேண்டும், அதற்குக் கட்டணமில்லை. நெஞ்சுவலி உடையோரும், அண்மையிற் சத்திரசிகிச்சை பெற்றோரும், நிற்கும்போதே தலைசுற்றுவோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் நன்று. தொடங்கும் நாட்களிலே ஒருவர் அருகில் நிற்கட்டும்.

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே அறுபது வயதைக் கடந்தோர் நாட்டு மக்களில் 6.6 வீதத்தினர், 2012 இல் 12.4 வீதத்தினர். நமது வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கும் மாணவர் வளர்ந்து குடும்பம் நடத்தும் காலத்திலே ஒவ்வொரு வீட்டிலும் முதியோர் இருப்பர். அவர்களைக் கதிரையில் இருத்தி வணங்குவதா, கைப்பிடித்து நடத்துவதா என்பதை மாணவர் இன்றே கற்றல் வேண்டும்.

பழைய மாணவ அன்பர்களே, உங்கள் கையிலிருந்து வேலையைப் பறிக்க வரும் பிள்ளைகளை அன்போடு தடுத்துவிடுங்கள். சந்தைக்கு நீங்களே செல்லுங்கள்; படியை நீங்களே ஏறுங்கள்; பேரனுடன் பந்தெறிந்து விளையாடுங்கள். மாணவரே, உங்கள் வீட்டு முதியவரின் தளர்நடையைக் கண்டால் கதிரையைத் தேடி ஓடாதீர்கள். நடக்கத் தொடங்கிய நாளில் அவர்கள் உங்களுக்குச் செய்ததையே நீங்கள் அவர்களுக்குச் செய்யுங்கள்: எட்டி நின்று, கையை நீட்டி, வருக என்று அழையுங்கள்.